கடைசியில் ஓடுகிறவள்

டிசம்பர் 1, திங்கள்

மில்லில் இருபத்தெட்டு வருடம் ஷிப்ட் நோட்டு எழுதிய கை இது. எந்த மெஷின் ஓடியது, எது நின்றது, ஏன் நின்றது என்று எழுதி முடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். விருப்ப ஓய்வு வாங்கி மூன்று வருடம் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. மேற்பார்வை பார்க்க இப்போது மெஷின் கிடையாது, மூன்று பெண்கள்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நோட்டுப் போட்டுவிட்டேன்.

இன்று காலை ஐந்தே காலுக்குக் கிளம்பினோம். முன்னால் முத்துப்பேச்சி. இருபத்தொன்பது வயது, கால் தரையில் பாவாது. அவளுக்குப் பின்னால் எஸ்தர், சுகாதார நிலையத்தில் நர்ஸ். அடுத்து தையல்கடை நூர்ஜஹான். கடைசியில் ஐம்பத்து நான்கு வயதில் நான், ஆவுடையம்மாள். பிப்ரவரி 22 அன்று தூத்துக்குடியில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். நான்கு பேருக்கும் பெயர் கொடுத்தாயிற்று.

நான் கடைசியில் ஓடுவது மூச்சு வாங்குவதால் என்று யாரும் நினைக்க வேண்டாம். எப்போதும் சாலையின் வலது ஓரமாக ஓடுவோம், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும். கார்த்திகை பிறந்ததும் குடிநீர்க் குழாய் பதிக்கிறோம் என்று வலது ஓரம் முழுக்கத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். ஆகவே இப்போது இடது ஓரம். வண்டி முதுகுப் பக்கமாக வருகிறது. கடைசியில் ஓடுகிறவள் காது கொடுத்துக் கேட்டு "வண்டி" என்று குரல் கொடுக்க வேண்டும். முன்னால் இருக்கிறவர்கள் அதையே ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு மண்ணில் இறங்கிவிட வேண்டும். இதை வேறு யாரிடமும் நம்பி விட முடியாது.

முத்துப்பேச்சியின் மாமியார் கனியம்மாள் மில்லில் என்னோடு பதினோரு வருடம் நூல் நூற்கும் மெஷினில் நின்றவள். விடியாத நேரத்தில் மருமகளை ரோட்டுக்கு அனுப்ப அவளுக்கு மனசே இல்லை. "ஆவுடை பின்னாடி வந்தா போ. இல்லன்னா வீட்டுக்குள்ளயே குதி" என்று சொல்லிவிட்டாள். நூர்ஜஹான் வீட்டிலும் இதே பேச்சுதான். நான் ஒருத்தி நின்றால் மற்ற வீட்டுக் கதவுகளும் சாத்திக்கொள்ளும்.

நான்கு பேர். நான்கும் ஓடியது.

டிசம்பர் 6, சனி

லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், லாரிக்குப் பின்னால் ஒட்டுவார்களே, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை, அது நான்கு மீட்டர் வாங்கினேன். எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்டார். நான்கு வண்டி, மாடல் வேறு வேறு என்றேன். நூர்ஜஹான் சாயங்காலமே எல்லார் சட்டை முதுகிலும் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

எஸ்தர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். பிடுங்கி என் பையில் போட்டேன். ரோட்டில் ஓடுகிறவளுக்குக் காதுதான் முதல் துணை, காதை அடைத்துக்கொண்டு ஓடுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவதும் ஒன்றுதான் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லது சொன்னால் இந்தக் காலத்தில் இப்படித்தான்.

கழுத்தில் மாட்டியிருக்கும் விசில் கெட்டுப்போய்விட்டது. ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது. பஜாரில் புதிது வாங்கினேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

புது விசிலும் சொத்தை. நான் ஊதியதும் நூர்ஜஹான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கேலி செய்கிறாள்.

டிசம்பர் 12, வெள்ளி

ராத்திரி பெய்த மழையில் ரோடெல்லாம் சகதி. தோசைக்கு அரைத்த மாவு பொங்கவில்லை. வீட்டுக்காரர் அப்படியும் நான்கு தின்றார்.

நூர்ஜஹானுக்கு என்னவோ ஆகிவிட்டது. நன்றாக ஓடுகிறவள், ஒரு வாரமாகப் பின்தங்கிப் பின்தங்கி என் தோளோடு வந்து ஒட்டிக்கொள்கிறாள். கால் வலியா என்றால் இல்லை என்கிறாள். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடு என்று சொல்லியிருக்கிறேன். இதில் இன்னொரு தொந்தரவு. நான் "வண்டி" என்று வாயெடுப்பதற்குள் அவள் கத்திவிடுகிறாள். என் வேலையை எனக்குச் செய்யத் தெரியாதா?

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. பிள்ளையார் கோவில் ஸ்பீக்கர் நாலரைக்கே ஆரம்பித்துவிட்டது. எஸ்தரும் முத்துப்பேச்சியும் பேசுவது ஒன்றும் காதில் விழவில்லை. எனக்கென்ன, நான் இதைவிடப் பெரிய இரைச்சலில் குடித்தனம் பண்ணியவள். மில்லில் ஆயிரக்கணக்கான நூல்கதிர் சுற்றும்போது பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் கேட்காது. பேச்செல்லாம் விரலில்தான், பாக்கி உதட்டில். இரண்டு விரலை வெட்டிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. விரல் நுனிகளைச் சேர்த்துத் திருகினால் ஒட்டு, அறுந்த இழையைச் சேர். கையை முன்னால் நீட்டினால் ஓட்டு, நிறுத்தாதே. ஷிப்ட் முடியும்போது எத்தனை மெஷின் ஓடுகிறதோ அத்தனை விரலைத் தூக்கிச் சுழற்றுவோம்.

இன்று திரும்பி வரும்போது கனியம்மாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தெருமுனையில் இருந்தே நான்கு விரலைச் சுழற்றிக் காட்டினேன். கோலப்பொடிக் கையோடு சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாலும் அந்த ஸ்பீக்கர் ஙொய்யென்று காதுக்குள்ளேயே நிற்கிறது.

டிசம்பர் 20, சனி

வீட்டுக்காரருக்கு வயதான காலத்தில் புதுப் பழக்கம். எதைச் சொல்வதானாலும் எழுந்து வந்து என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு சொல்கிறார். முப்பது வருடம் பேப்பருக்குப் பின்னால் இருந்து பேசியவர். எனக்கு வெட்கமாக இருக்கிறது, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

ஏழு கிலோமீட்டர். முத்துப்பேச்சி தூத்துக்குடியில் கண்டிப்பாக முதல் பத்துக்குள் வருவாள், எழுதி வைத்துக்கொள்ளலாம். இன்று நான் குரல் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. நூர்ஜஹான் ஆறு தடவை கொடுத்தாள். பயந்த சுபாவம்.

ஜனவரி 5, திங்கள்

மூன்றாவது விசில். இதுவும் சரியில்லை. இந்தக் கடைக்காரனோடு இனி எனக்குப் பேச்சில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஓட்டம் இல்லை. கரும்பு நல்ல இனிப்பு.

ஜனவரி 19, திங்கள்

பொறுத்துப் பார்த்து முடியாமல் இன்று கோவிலுக்கே போய்விட்டேன். தை பிறந்து இத்தனை நாளாகியும் விடியற்காலையில் ஸ்பீக்கர் போட்டால் ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு வண்டிச் சத்தம் எப்படிக் கேட்கும், யாராவது அடிபட்டால் பிள்ளையாரா வந்து பதில் சொல்வார் என்று கணக்குப்பிள்ளையிடம் சத்தம் போட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பொங்கலன்றே அவிழ்த்துக் கொண்டுபோய்விட்டார்களாம். கூரையைக் காட்டினார். கம்பிதான் தொங்கியது.

அப்படியானால் அது அரிசி மில் சத்தமாக இருக்கும்.

ஜனவரி 20, செவ்வாய்

அரிசி மில்லில் கேட்டேன். மோட்டார் எரிந்துபோய்ப் பத்து நாளாக மூடிக் கிடக்கிறதாம். எஸ்தரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். ஒரு நாள் காது டாக்டரிடம் போய்வரலாம், நானே கூட வருகிறேன் என்றாள். நர்ஸ்களுக்கு யாரைப் பார்த்தாலும் நோயாளிதான்.

ஜனவரி 24, சனி

நூர்ஜஹான் தம்பி கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் போயிருக்கிறாள். மூன்று பேர்தான் ஓடினோம். ஐந்தே முக்கால் இருக்கும். ஓடைப் பாலம் தாண்டினதும் என் வலது தோளை உரசிக்கொண்டு ஒரு வெள்ளை வண்டி போனது. தண்ணீர்க் கேன் ஏற்றும் சின்ன வண்டி. எஸ்தர் தாவி இறங்கிவிட்டாள். முத்துப்பேச்சி முன்னால் வெகுதூரத்தில் இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நான் இருக்கிறேன் என்றால் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். வண்டிக் கண்ணாடி அவள் முழங்கையில் அடித்து, குப்புற விழுந்தாள்.

முழங்கையில் ஐந்து தையல். எலும்புக்கு ஒன்றும் இல்லை. எஸ்தர்தான் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனாள். அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். மாரிச்செல்வமாம். ஹார்ன் மூன்று தடவை அடித்தேன் என்கிறான். அப்பட்டமான பொய். ஓரடி பின்னால் ஹார்ன் அடித்தால் எனக்குக் கேட்காதா?

மூன்று பேர். ஒன்று விழுந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

கனியம்மாள் வீட்டுக்குப் போனேன். முத்துப்பேச்சி கட்டுப் போட்ட கையோடு எழுந்து வந்தாள். கனியம்மாள் அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டாள். என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை. இனிமேல் ஓட்டமும் வேண்டாம், தூத்துக்குடியும் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். முத்துப்பேச்சி கதவுக்குப் பின்னால் நின்று அழுதது எனக்குத் தெரிந்தது.

அந்த மாரிச்செல்வத்தை நான் விடப்போவதில்லை. ஹார்ன் வேலை செய்யாத வண்டியை ரோட்டில் ஓட்டியதை நிரூபித்துவிட்டால் கனியம்மாள் இறங்கி வருவாள். நாளை லீவு. வண்டி வீட்டில்தான் நிற்கும்.

ஜனவரி 26, திங்கள்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மாரிச்செல்வம் வீட்டு வாசலில் வண்டி நின்றது. என்னைப் பார்த்ததும் அவன் அம்மா கும்பிட்டாள். சண்டைக்கு வரவில்லை, வண்டியைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்றேன். வண்டியை அங்கேயே நிறுத்தி, நான் தெருவில் இருபது எட்டு எண்ணி நடந்து போய், திரும்பி நின்று கையைக் காட்டினேன். அவன் அடித்தான். மெல்லிசாகக் கேட்டது. கேட்டது என்றுதான் நினைத்தேன்.

மெஷினைச் சந்தேகப்பட்டால் வசதியான பக்கம் நின்று பார்க்கக் கூடாது, கோளாறு வந்த பக்கமே போய் நிற்க வேண்டும். இதை நானே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு வண்டி என் முதுகுப் பக்கம் அல்லவா வந்தது? மூன்று தடவை அடி என்று சொல்லிவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்கு முன்னால், மூன்றடி தூரத்தில், ஒரு செவலை நாய் சுருண்டு படுத்திருந்தது. நான் காத்துக்கொண்டிருந்தேன். நாய் ஒரு காதை நிமிர்த்தியது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, என் காலைத் தாண்டி எனக்குப் பின்னால் எதையோ பார்த்தது. அப்புறம் சலித்துக்கொண்டு எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டது. ஆக மூன்று.

நான் திரும்பினேன். மாரிச்செல்வத்தின் கை இன்னும் ஹார்னில்தான் இருந்தது. "இன்னொருக்க அடிக்கவாம்மா?" என்றான். இருபது எட்டுத் தூரத்தில் அவன் மெதுவாகச் சொன்னது எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். உதட்டைப் பார்த்துத்தான். எத்தனையோ நாளாக உதட்டைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மா காபி கொடுத்தாள்.

ஹார்ன் நன்றாக இருக்கிறது. கோளாறு வண்டியில் இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

ஓடவில்லை. சமைக்கவில்லை.

ஜனவரி 28, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆடி மாதத்தில் இருந்தே தெரியும் என்கிறார். அடுக்களையில் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லையாம், மெலிந்த சத்தம் எதுவும் என்னிடம் எடுபடுவதில்லையாம். அதனால்தான் எழுந்து வந்து முகத்துக்கு நேராகப் பேசினாராம். சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். சொன்னால் நீ என்னையே காது டாக்டரிடம் அனுப்பியிருப்பாய் என்றார். அதுவும் உண்மைதான்.

சாயங்காலம் நூர்ஜஹான் வந்தாள். அவளுக்கும் தெரியும், எஸ்தருக்கும் தெரியும், விழுந்தவளுக்கும் தெரியும். நூர்ஜஹான் இருக்கிற நாளில் பயமில்லை என்று மூவரும் பேசிவைத்திருந்தார்கள். அவள் இல்லாத நாளில் ஓட வேண்டாம் என்று எஸ்தர் சொல்லியிருக்கிறாள். முத்துப்பேச்சிதான் ஒரு நாள் விட்டால் பயிற்சி போய்விடும், ஆவுடையக்கா பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டாளாம். தெரிந்திருந்தும் என் மேல் அத்தனை நம்பிக்கை. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

நான் கத்தினேன். பின்தங்கி வருகிறாயே என்று உனக்குப் பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னேனே, என்னை முட்டாளாக்கி வைத்திருந்தாயா என்றேன். அவள் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"சொன்னா நீங்க வர மாட்டீங்க அக்கா. நீங்க வரலன்னா எங்கள யாரு ரோட்டுக்கு விடுவா? எட்டு வருசமா நான் வீடு, கடை ரெண்டத் தவிர ஒண்ணும் பாக்கல. அதான் பின்னால வந்து நானே கத்திக்கிட்டிருந்தேன்."

மூன்று பேரைக் காவல் காக்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். காவல் காத்தது அவள். எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

எஸ்தர் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். மில் இரைச்சல் தின்றுவிட்டதாம். தடித்த சத்தம் வரும், மெலிந்தது வராது. காதுக்குள் கேட்பது ஸ்பீக்கரும் இல்லை, அரிசி மில்லும் இல்லை, என் காதே போடும் சத்தமாம். இரண்டு காதுக்கும் மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஓடும்போது காற்று அடித்தால் அதையும் முழுசாக நம்பக் கூடாது என்று சொன்னார்.

பிப்ரவரி 2, திங்கள்

கனியம்மாளிடம் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. டிரைவர் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடியும் ஓடலாம். ஒரு நாள் முழுக்க இதையும் யோசித்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

போய்ச் சொல்லிவிட்டேன்.

"பின்னாடி வாரேன்னு சொன்ன ஆவுடை. காது கேக்காம என்னத்துக்குப் பின்னாடி வந்த?"

"கேக்கலன்னு எனக்கே தெரியல கனி. இனி முன்னாடி போறேன். கண்ணு நல்லா இருக்கு. பின்னாடிக்கு நூர்ஜஹான்."

மருமகள் கை ஆறட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. பதினோரு வருடம் பார்த்த என்னாலேயே அவள் முகத்தைப் படிக்க முடியவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

புது வரிசை. முன்னால் நான். குழி, நாய், எதிரே ஒளியடித்துக்கொண்டு வரும் வண்டி எல்லாவற்றுக்கும் மில் விரல்பாஷை. மூன்று நாளில் படித்துவிட்டார்கள், மில்லில் சில பேருக்கு மூன்று மாதம் ஆகும். நூர்ஜஹான் கடைசியில். அவள் குரல் கொடுத்தால் எஸ்தர் என் தோளில் இரண்டு தட்டு. முதல் நாள் தட்டும்போதெல்லாம் எனக்கு ரோஷமாக இருந்தது. இன்று பரவாயில்லை.

முத்துப்பேச்சி இல்லாமல் வரிசை பல்லு விழுந்தது மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

ஓடைப் பாலம் வரைக்கும் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் தோளில் தட்டு. இறங்கினோம், எதுவும் தாண்டிப் போகவில்லை. ஏறினோம், மறுபடியும் தட்டு. ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் ஏழு தடவை. எட்டாவது தடவை நான் பொறுமை இழந்து திரும்பிப் பார்த்தால், கனியம்மாள் மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அவனை ஹார்ன் அடிக்கச் சொல்லி எங்களைச் சோதித்துக்கொண்டு வருகிறாள். ஏழு தடவையும் மூன்று பேரும் மண்ணில்தான் நின்றோம். அவள் வண்டியைத் திருப்பச் சொல்லிப் போய்விட்டாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஐந்தே காலுக்கு முத்துப்பேச்சி வந்து நின்றாள். முழங்கையைத் தடவிப் பார்த்தேன். "இனிமே நீங்க விரலைக் காட்டாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் அக்கா" என்றாள்.

நான்கு பேர். மெதுவாகத்தான். நான்கும் ஓடியது.

பிப்ரவரி 18, புதன்

காது மெஷின் வந்தது. வீட்டுக்காரர் பேப்பர் புரட்டுகிற சத்தம் இத்தனை பெரிதா? அவர் மறுபடியும் பேப்பருக்குப் பின்னால் இருந்தே பேசத் தொடங்கிவிட்டார். கூப்பிட்டு முகத்துக்கு நேராக உட்காரச் சொன்னேன். அந்தப் பழக்கத்தை விடவேண்டிய அவசியம் இல்லை.

பெட்டியில் கிடந்த பழைய விசிலை எடுத்து ஊதினேன். அவர் கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டார். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஊதினேன். மூன்றும் நன்றாக இருக்கின்றன. நாளை அந்தக் கடைக்காரரிடம் போய்ப் பேச வேண்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

தூத்துக்குடி. ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும். மேளம், மைக், விசில், எல்லாம் ஒரே நேரத்தில். காது மெஷினுக்குள் ஒரே குழப்பமாக இருந்தது, கழற்றிப் பையில் வைத்துவிட்டேன். இங்கே நல்ல காது உள்ளவர்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எஸ்தர் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், நூர்ஜஹான் என்ன என்ன என்று கையை விரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாரும் மில்லுக்குள் வந்து நிற்கிறார்கள்.

ரோட்டில் வண்டியை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். முத்துப்பேச்சியைத் தனியாக ஓடு என்று தள்ளிவிட்டேன். போக மாட்டேன் என்றாள், நால்வரும் ஒன்றாகவே போவோம் என்றாள். முதல் பத்துக்குள் வரவேண்டியவள். திட்டினாலும் கேட்கவில்லை, இந்தத் தடவை கேட்காதவள் நானில்லை, அவள்.

எட்டாவது கிலோமீட்டரில் என் கால் இழுத்துக்கொண்டது. கெண்டைக்காலில் கல் வைத்தது மாதிரி வலி. நின்றுவிட்டேன். என்னால் அவர்களும் நின்றார்கள். இழை அறுந்துவிட்டது, நீங்கள் போங்கள் என்று இரண்டு விரலை வெட்டிக் காட்டினேன். ஒருத்தியும் அசையவில்லை. அப்போதுதான் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், கூட்டத்துக்கு நடுவில், கனியம்மாளைப் பார்த்தேன். வரப்போவதாக மருமகளிடம்கூடச் சொல்லவில்லை. கத்திப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கையை உயரத் தூக்கி விரல் நுனிகளைச் சேர்த்துத் திருகினாள்: ஒட்டு. கையை முன்னால் நீட்டினாள்: ஓட்டு, நிறுத்தாதே.

எஸ்தர் காலை நீவிவிட்டாள். நொண்டிக்கொண்டே நடந்து, அப்புறம் ஓடினேன். நூர்ஜஹான் பின்னால், நான் முன்னால். வளைவில் திரும்புவதற்கு முன் கனியம்மாள் பக்கம் திரும்பி, நான்கு விரலைத் தூக்கிச் சுழற்றினேன்.

நான்கும் ஓடியது.